இலையோட போன கிளிப்பு

ஒரு ஊர்ல ஒரு வாய் இருந்துச்சாம்.

"வாயா அத்தை?"

ஆமாடா செழியா, வாய்தான். ஏன், எல்லாக் கதையிலயும் ராஜாவே வரணுமா? இன்னிக்கி வாய்தான். போர்வையை இழுத்து மூடிக்க. காலைத் தூக்கி என் மேல போடாதே, அம்மிக்கல்லு மாதிரி கனக்குது. அத்தை கதை சொன்னா நடுவுல நடுவுல 'ம்' கொட்டணும். கொட்டலேன்னா நான் பாட்டுக்குக் குறட்டை விட்டுருவேன், எனக்கென்ன.

"ம்."

அப்படி வா வழிக்கு. அந்த வாய் யாரு வாய்னா, வெயினின்னு ஒரு பொண்ணோட வாய். முழுப் பேரு இளவெயினி. பள்ளிக்கூடத்துல படிக்கிற பொண்ணு. அவ வாய்க்குள்ள முன்னாடி ரெண்டு பல்லு இருந்துச்சு. அக்கா தங்கச்சி மாதிரி. ஆனா ரெண்டுக்கும் ஆகவே ஆகாது. அக்காப் பல்லு எந்நேரமும் வாசலுக்கு வந்து எட்டிப் பாத்துக்கிட்டே நிக்கும். தங்கச்சிப் பல்லு கோவிச்சுக்கிட்டு முதுகைக் காட்டித் திரும்பி நிக்கும். பள்ளிக்கூடத்துப் பசங்க சும்மா இருப்பாங்களா? "ஏய் தேங்கா துருவி, எங்க வீட்ல இன்னிக்கி சட்னி, வந்து துருவிக் குடுத்துட்டுப் போ"ம்பாங்க. வெயினிக்கு அழுகை முட்டிக்கிட்டு வரும். அதனால அவ சிரிக்கிறப்ப எல்லாம் கை ஓடிப் போய் வாயை மூடிக்கும். சிரிப்பு வந்து சேர்றதுக்கு முன்னாடியே கை வந்து நிக்கும்.

அப்புறம் அவங்கம்மா என்ன பண்ணினாங்க, பர்வீன் டாக்டர்னு ஒரு பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. அம்மா பேரு பவளக்கொடி. அந்தத் தெருவுக்கே ஜாக்கெட் தைச்சுக் குடுக்குற ஆளு. மெஷின் ஓடுறது 'கடகடகட'ன்னா, அதை விட வேகமா வாய் ஓடும். டாக்டர் பாத்தாங்க. பல்லு மேல கம்பி கட்டுனாங்க. கம்பி கட்டுனா லேசா? முறுக்கு கூடாது. சீடை கூடாது. கடலமிட்டாய் கூடாது. கரும்பு பக்கமே போகக் கூடாது. பொங்கலுக்கு எல்லாரும் கரும்பைக் 'கறுக் கறுக்'னு கடிக்கிறாங்க, இவ மட்டும் வாழப்பழத்தை முழுங்கிட்டு உக்காந்திருக்கா. பாவம்தானே?

"பாவம்."

கம்பி பாட்டுக்கு இழுத்துச்சு. க்ரீச்... க்ரீச்... அக்காப் பல்லு பின்னாடி வந்துச்சு. தங்கச்சிப் பல்லு திரும்பி நின்னுச்சு. வருஷம் போயி அடுத்த வருஷமும் வந்து, ஒரு நாள் ரெண்டும் பள்ளிக்கூடப் பிரேயர்ல நிக்கிற மாதிரி வரிசையா நின்னுச்சுங்க. அன்னிக்கி வெயினி கண்ணாடி முன்னாடி நின்னு 'ஈ'ன்னா பாரு, கண்ணாடியே பல்லைக் காட்டிருச்சு.

அப்போ டாக்டர் கம்பியைக் கழட்டிட்டு, தண்ணி மாதிரி ஒரு சாமானைக் குடுத்தாங்க. மெல்லிசா, பல்லு வடிவத்துலயே, இந்தப் பக்கம் பாத்தா அந்தப் பக்கம் தெரியும். அதுக்கு ரீடெய்னரோ என்னவோ ஒரு பேரு சொன்னாங்க. வாய்ல நுழையிற சாமானுக்கு வாய்ல நுழையாத பேரு! வீட்ல எல்லாரும் 'கிளிப்பு'ன்னே சொல்லிக்கிட்டாங்க. டாக்டர் சொன்னாங்க, "இந்தா பாரு கண்ணு, பல்லுங்களுக்குப் பழைய எடத்து ஞாபகம் லேசுல போகாது. இது காவல்காரன். காவல்காரன் இல்லேன்னா ரெண்டும் நைசா பழைய எடத்துக்கே கெளம்பிரும். சாப்பிடுறப்ப மட்டும் கழட்டி டப்பாவுல வை."

அப்புறம் ஒரு கல்யாணம் வந்துச்சு.

"யாருக்கு?"

யாருக்கோ. சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணம். நீ மாப்பிள்ளையைக் கேக்காதே, சாப்பாட்டைக் கேளு. சாப்பாட்டுலதான் கதை இருக்கு. டும் டும் டும், பீ பீ பீன்னு மேளம். பந்தி போட்டாச்சு. மேசை மேல நீளமா பேப்பர் விரிச்சு, பேப்பர் மேல இலை. வெயினி போய் உக்காந்தா. பக்கத்துல வடிவுப் பெரியம்மா, அதாவது அவங்கம்மாவோட அக்கா. அந்தம்மா சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம். சோப்பையே சோப்புப் போட்டுக் கழுவுற ஆளு.

வெயினி வாயில கை விட்டுக் கிளிப்பைக் கழட்டினா. டப்பா எங்க? டப்பா அம்மாவோட பையில. அம்மா எங்க? அம்மா மேடையில, பொண்ணுக்கு ஜாக்கெட் ஹூக்கு பிஞ்சிருச்சுன்னு தைச்சுக்கிட்டிருக்கு. சரி, மேசை மேல வைப்போம்னு வச்சா. வச்சாளா? "ஏய்! ஏய்! எச்சிலைக் கொண்டு வந்து மேசை மேல வைக்கிறியே, நாலு பேரு உக்காருற எடம்! எடு! உன் எச்சில் உன் இலையோட இருக்கட்டும்"னு பெரியம்மா ஒரு அதட்டு. வெயினி என்ன பண்ணுவா, டிஷ்யூ பேப்பர்ல சுத்தி இலை மூலையில, ஊறுகாய்க்குப் பக்கத்துல வச்சுக்கிட்டா.

அப்புறம் சாப்பிட்டா. அப்பளம் 'நொறுக்'. பாயசம் 'சர்ர்ர்ர்'. ரசம் சாதம் வர்றதுக்குள்ள பின்னாடி யாரோ 'க்கும்'னு செருமுறாங்க. திரும்பிப் பாத்தா ஒரு மாமா. அடுத்த பந்திக்கு எடம் பிடிக்கிறதுக்காக, இவ நாற்காலி முதுகைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. இவ ஒரு வாய் வச்சா, அவரு ஒரு 'க்கும்'. இன்னொரு வாய், இன்னொரு 'க்கும்'. மோர் வந்துச்சு, 'க்கும் க்கும்'! இப்படிச் செருமினா யாருக்குடா எறங்கும்? அந்த மாமா மட்டும் என் கையில கெடச்சாருன்னா... சரி விடு. வெயினி 'லபக்'னு இலையை மூடிட்டு எந்திரிச்சுட்டா. நேரா ஐஸ்கிரீமுக்கு ஓடிட்டா.

கிளிப்பு?

"இலைக்குள்ள!"

ஆமா, இலைக்குள்ள. ஐஸ்கிரீம் தின்னு முடிச்சுட்டு நாக்கு சும்மா ஒரு சுத்து சுத்தி வந்துச்சு. "என்னங்கடி, காவல்காரனைக் காணோம்?"னுச்சு நாக்கு. அக்காப் பல்லு தங்கச்சிப் பல்லைப் பாத்துச்சு. தங்கச்சிப் பல்லு அக்காப் பல்லைப் பாத்துச்சு. "ஹையா!"ன்னுச்சுங்க ரெண்டும்.

வெயினி விழுந்தடிச்சுக்கிட்டுப் பந்திக்கு ஓடினா. அங்க பேப்பரை இலையோட சேத்து 'சரசரசர'ன்னு சுருட்டித் தூக்கிட்டுப் போயாச்சு. அந்த மாமா இவ எடத்துல உக்காந்து ரெண்டாவது ஜாங்கிரி கேட்டுக்கிட்டிருக்காரு.

அவளுக்கு அழுகையே வந்துருச்சுடா. கிளிப்பு போச்சுன்னா பல்லு போகும், பல்லு போச்சுன்னா மறுபடி தேங்கா துருவி. அம்மாகிட்ட சொல்லலாம்னா அம்மாவோட வாயை நெனச்சாலே நடுங்குது. சரி, அம்மாவுக்குத் தெரியாமக் கண்டுபிடிச்சுருவோம்னு கெளம்பினா.

முதல்ல, பொண்ணுக்கு அலங்காரம் பண்ற அக்காகிட்ட போனா. மேளம் காதைப் பொளக்குது. "அக்கா, என் கிளிப்பைக் காணோம்!"

"எந்தக் கிளிப்புடி?"

"பல்லு கிளிப்பு!"

"பல்லு கிளிப்பா? இந்தா, இதுல எம்புட்டுப் பல்லு இருக்கு பாரு"ன்னு, தலைமுடிக்குப் போடுற பெரிய கிளிப்பு இருக்கும்ல, நண்டு மாதிரி வாயைப் பொளந்துக்கிட்டு, அதை எடுத்து 'டபக்'னு தலையில மாட்டி விட்டுருச்சு.

சிரிக்கிறியா? இரு இரு. அப்புறம் சமையல்கட்டுக்குப் போனா. சமையல் மாஸ்டர் முட்டக்கோஸ் வெட்டிக்கிட்டிருக்காரு, 'டக டக டக'. "மாஸ்டர், என் கிளிப்பைப் பாத்தீங்களா?" அவரு நிமிந்து கூடப் பாக்கல. கொடியில காயுற துண்டுல இருந்து துணி கிளிப்பை உருவி, "இந்தா பாப்பா, நம்மகிட்ட நெறைய கெடக்கு"ன்னு குடுத்துட்டாரு.

அப்புறம் போட்டோ எடுக்குற அண்ணன். "அண்ணே, கிளிப்பு..."

"கிளிப்பா? பேஷா!" பின்னாடி கட்டுற துணித் திரைக்கு மாட்டுற இரும்புக் கிளிப்பு ஒண்ணைத் தூக்கிக் கையில வச்சாரு. "யானையைக் கட்டித் தொங்க விட்டாலும் விடாதும்மா."

பாத்தியா கூத்தை? கேட்டது ஒரு கிளிப்பு, கெடச்சது மூணு. ஒண்ணு கூட வாயில போட முடியாது.

"இரும்புக் கிளிப்பு போட்டா வாய் வலிக்கும்."

வலிக்குமா? வாயே கழண்டு கையில வந்துரும்! 'ம்' கொட்டு, பேசாதே.

"ம்."

இப்படி மூணு கிளிப்பையும் மாட்டிக்கிட்டு மூக்கை உறிஞ்சிக்கிட்டு வர்றா. அங்க ஒரு மூலையில திருமேனித் தாத்தா உக்காந்திருக்காரு. அம்மாவோட பெரியப்பா அவரு. சாதாரணமா அவரு வாயைத் தொறந்தா மூடவே மாட்டாரு. அவர்கிட்ட மாட்டினா பஸ்ஸை விட்டுருவோம்னு சொந்தக்காரங்க சுத்திக்கிட்டுப் போவாங்க. இன்னிக்கி என்னமோ கம்முனு உக்காந்திருக்காரு. யாரோ வந்து கேக்குறாங்க, "என்ன பெரியப்பா, சாப்டீங்களா?" "ம்." "சாப்பாடு எப்படி?" "ம்." "ஒடம்புக்கு என்ன?" "ம்ம்." எதைக் கேட்டாலும் 'ம்'. உன்னை மாதிரியே.

வெயினி அவரு முன்னாடி போய் நின்னு 'ஓ'ன்னு அழுதுட்டா. "தாத்தா, என் பல்லுல மாட்டுறது இலையோட போயிருச்சு தாத்தா!"

தாத்தா இந்தப் பக்கம் பாத்தாரு. அந்தப் பக்கம் பாத்தாரு. துண்டால மறைச்சுக்கிட்டு லேசா வாயைத் தொறந்தாரு. உள்ள பாத்தா, மேல ஒரு பல்லு கூட இல்ல! "என் ஃபல்லும்ஹாம்மா"ன்னாரு.

"ஐயோ! எங்க போச்சு?"

அதே எடத்துக்குத்தான்! அவரு போட்டிருந்தது கழட்டி மாட்டுற பல்லு செட்டு. உளுந்த வடை போய் ஒட்டிக்கிச்சு. கழட்டி மேசையில வச்சா வடிவு கத்துவாளேன்னு பயந்துக்கிட்டு, அவரும் பேப்பர்ல சுத்தி இலையில வச்சாரு. அவரு பின்னாடியும் ஒரு 'க்கும்' வந்து நின்னுச்சு. அவரும் இலையை மூடிட்டு எந்திரிச்சுட்டாரு. எந்திரிச்ச பெறகுதான் அவருக்குப் பேச்சு வரலேன்னு தெரிஞ்சுச்சு. பல்லு இல்லேன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா மானம் போயிரும்னு அப்ப இருந்து 'ம்' போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு.

"வா ஃபோலாம்"னாரு தாத்தா. ரெண்டு பேரும் மண்டபத்துக்குப் பின்பக்கம் போனாங்க. அங்க எச்சில் இலை மலை மாதிரி குமிஞ்சு கெடக்கு. ஈ 'ஙொய்ய்ய்'. பக்கத்துல ஒரு பசு மாடு. வெள்ளை மாடு, நல்லா திமிசுக்கட்டை மாதிரி. நிம்மதியா 'சவக் சவக்'னு மென்னுக்கிட்டிருக்கு.

ஒரு சுருளை விரிச்சாங்க. கத்திரிக்காக் காம்பு, முருங்கச் சக்கை, யாரோ தூக்கிப் போட்ட முழு ஜாங்கிரி. கிளிப்பு இல்ல. ரெண்டாவது சுருளை விரிச்சாங்க. டிஷ்யூ பேப்பர் ஒண்ணு உருண்டு வந்துச்சு. பிரிச்சா, தாத்தாவோட பல்லு செட்டு! அவியல் நடுவுல உக்காந்துக்கிட்டு ஈன்னு இளிக்குது. தாத்தா பாஞ்சு போய் எடுத்து, குழாயில கழுவோ கழுவுன்னு கழுவி, வாயில மாட்டினாரு. 'க்ளக்'. மாட்டின ஒடனே பேச ஆரம்பிச்சவருதான், "அப்பாடா, இத்தனை நேரமா பேசாம இருந்து எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சும்மா, அந்த மாப்பிள்ளையோட சித்தப்பா இருக்கானே..."

"தாத்தா! என் கிளிப்பு!"

"அட, ஆமா!"

மூணாவது சுருள் எங்க? மாட்டு வாயில! மாடு ஒரு பக்கம் இழுக்குது, இவங்க ரெண்டு பேரும் ஒரு பக்கம் இழுக்குறாங்க. ஐலசா! ஐலசா! "ம்மா"ன்னு மாடு வாயைப் பொளந்துச்சு. சுருள் 'டர்ர்ர்'னு கிழிஞ்சுது. தாத்தா மல்லாக்க விழுந்தாரு. வெயினி தாத்தா மேல விழுந்தா. எல்லாத்துக்கும் மேல டிஷ்யூ பொட்டலம் வந்து 'பொத்'துனு விழுந்துச்சு. பிரிச்சுப் பாத்தா...

"கிளிப்பு!"

கிளிப்பேதான்! மாட்டுக்கு மேல முன்பல்லே கிடையாது தெரியுமோ? வெறும் ஈறுதான். அதனாலதான் கிளிப்பு தப்பிச்சுது. கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி வரைக்கும் தாத்தாவும் மாடும் ஒரே கட்சி.

இத்தோட கதை முடிஞ்சுதுன்னு நெனைக்கிறியா? முடியலடா. அங்கதான் வந்தாங்க வடிவுப் பெரியம்மா.

வெயினி கிளிப்பைக் குழாய்த் தண்ணியில காட்டப் போறா, பின்னாடி இருந்து ஒரு குரல். "அடி ஆத்தி! எச்சில் இலையில கெடந்ததையா வாயில போடப் போறே? மாடு நக்கினதை? குடு இங்க!" புடுங்கிட்டாங்க. நேரா சமையல்கட்டு. அடுப்புல அண்டா நெறையத் தண்ணி 'குபு குபு குபு'ன்னு கொதிச்சுக்கிட்டிருக்கு. "கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்தா எப்பேர்ப்பட்ட எச்சிலும் போயிரும்"னு சொல்லிக்கிட்டே கரண்டியில வச்சு 'முங்க்'குனு உள்ள விட்டாங்க. மஞ்சப் பொடி வேற ஒரு சிட்டிகை.

வெயினி "பெரியம்மா பெரியம்மா"ன்னு ஓடி வர்றதுக்குள்ள கரண்டி வெளிய வந்துருச்சு. கரண்டியில என்ன இருந்துச்சு தெரியுமா? சுருண்டு, மடங்கி, மஞ்சளா, எண்ணெயில பொரிச்ச வடகம் மாதிரி ஒண்ணு. அது மெல்லிசு பிளாஸ்டிக்குடா, அதுக்குச் சூடு ஆகுமா? குளுந்த தண்ணிதான் ஆகும்.

பெரியம்மா பாத்தாங்க. கரண்டியைத் திருப்பிப் பாத்தாங்க. "இது என்னடி, நம்ம அப்பளம் கூட இம்புட்டு சீக்கிரம் பொரியாது"ன்னாங்க. அப்புறம் அக்கம்பக்கம் பாத்துட்டுக் கிளிப்பை வெயினி கையில திணிச்சு, "உங்கம்மாகிட்ட என் பேரை மட்டும் எடுத்துராதே, கண்ணுல்ல"ன்னு சொல்லிட்டு வேற வேலை இருக்குற மாதிரி போயிட்டாங்க. சுத்தமா இருக்குறவங்க எப்படி நழுவுறாங்க பாத்தியா?

வெயினி கிளிப்பை வாயில வச்சுப் பாத்தா. ஒரு பக்கம் குத்துது, ஒரு பக்கம் நிக்கவே மாட்டேங்குது. தாத்தா சொன்னாரு, "நீ அழாதம்மா. உங்கம்மா யாரு, என் தம்பி மக. நான் ஒரு வார்த்தை சொன்னா மறு பேச்சு கெடையாது. நான் வந்து பக்குவமா பேசறேன். நீ அதுவரைக்கும் வாயை மட்டும் மூடிக்க."

அப்புறம் வீட்டுக்கு வந்தாச்சு. வெயினி வாயை மூடிக்கிட்டா. "சாப்டியாடி?" "ம்." "பாடம் படிச்சியா?" "ம்." "கிளிப்பு போட்டிருக்கியா?" "ம்ம்ம்." அந்தக் கடைசி 'ம்' மட்டும் கொஞ்சம் நடுங்குச்சு.

தாத்தா வந்தாரு. காப்பி குடிச்சாரு. "பவளம், ஒரு விஷயம்..."னாரு. "என்ன விஷயம் பெரியப்பா? சீக்கிரம் சொல்லுங்க, தைக்க மலையாட்டம் கெடக்கு"ன்னு அம்மா ஒரு பார்வை பாத்துச்சு. "ம்... காப்பி நல்லா இருக்கு"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு.

மறுபடி வந்தாரு. ஒரு தட்டு முறுக்கு தின்னாரு. "பவளம், நம்ம வெயினி இருக்காளே..." "ஏன், அவ என்ன பண்ணினா?" "ம்... நல்லா வளந்துட்டா." போயிட்டாரு.

மூணாவது தடவையும் வந்தாரு. அன்னிக்கி வாசல்லயே நின்னுக்கிட்டு, "பவளம்"னாரு. "ம்"ன்னாரு. அப்படியே திரும்பிப் போயிட்டாரு. பல்லு இருந்து என்ன பிரயோஜனம்?

அதுக்குள்ள வாய்க்குள்ள என்ன நடக்குது தெரியுமா? காவல்காரன் இல்லேல்ல? அக்காப் பல்லு மெதுவா ஒரு எட்டு முன்னாடி வச்சுச்சு. "யாராச்சும் பாக்குறாங்களா?" "இல்லக்கா." தங்கச்சிப் பல்லு லேசா முதுகைத் திருப்புச்சு. அப்புறம் இன்னும் கொஞ்சம். தூங்கிட்டியா?

"ம்... இல்ல. பல்லு திரும்பிருச்சா?"

கொஞ்சம் திரும்பிருச்சு. ஒரு நாள் வெயினி பால் குடிக்கிறா. நாக்கு பல்லு மேல போனா, வழுக்கிக்கிட்டுப் போற எடத்துல ஒரு படி தட்டுப்படுது. சில்வர் டம்ளர்ல பாத்தா, அக்காப் பல்லு மினுக்குனு எட்டிப் பாக்குது. அன்னிக்கி பள்ளிக்கூடத்துல ஒரு புள்ள என்னவோ ஜோக் சொல்லுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. வெயினிக்கும் சிரிப்பு வந்துச்சு. அப்போ, அவளுக்கே தெரியாம, கை வந்து வாய் மேல உக்காந்துக்கிச்சு.

அவ அப்படியே ஆடிப் போயிட்டா. திட்டு வாங்கினாலும் பரவால்ல, இந்தக் கை வேணாம்னு அவளுக்குத் தோணிருச்சு.

வீட்டுக்கு வந்தா. அம்மா ஒரு பாவாடைக்குக் கரை மடிச்சுக் குண்டூசி குத்திக்கிட்டிருக்கு. குண்டூசியெல்லாம் எங்க வச்சிருக்கும்? ஒதட்டுக்கு நடுவுல! வரிசையாக் கவ்விக்கிட்டு ஒண்ணொண்ணா எடுத்துக் குத்தும். அந்த நேரத்துல மட்டும் அம்மாவால வாயைத் தொறக்க முடியாது. வெயினி இருக்காளே, கெட்டிக்காரி, அந்த நேரம் பாத்துப் போய் முன்னாடி உக்காந்தா.

"அம்மா, கல்யாணத்துல கிளிப்பு தொலைஞ்சு போச்சும்மா."

"ம்?"

"இலையில வச்சு மூடிட்டேம்மா."

"ம்ம்?"

"மாட்டுகிட்ட இருந்து புடுங்கிட்டோம்மா. அப்புறம் அண்டாவுல வெந்துருச்சும்மா. இத்தனை நாளும் பொய் 'ம்' சொன்னேம்மா. பல்லு திரும்பிப் போகுதும்மா!"

"ம்ம்ம்ம்!"

அம்மா கண்ணு ரெண்டும் இம்புட்டுப் பெருசாச்சு. ஒரு குண்டூசியை எடுத்து ஊசி மெத்தையில குத்துச்சு. சதக். இன்னொண்ணு. சதக். வெயினி ஒவ்வொரு குத்துக்கும் ஒரு அடி பின்னாடி நகர்றா. கடைசிக் குண்டூசியும் எறங்குச்சு. வாய் காலி.

அப்போ தொடங்குச்சு பாரு திட்டு! "அறிவு இருக்காடி உனக்கு? டப்பா கேக்க வாய் இல்லையா? மேடையில தானே நின்னேன்? என்னைப் பெத்தவங்க பண்ணாததை உனக்குப் பண்ணினேனே, கம்பி வலிக்குதுன்னு நீ அழுதப்ப எல்லாம் கூட உக்காந்து நானும் அழுதேனே!" தெருவே கேக்குது. பக்கத்து வீட்டு நாய் கூடக் குலைக்கிறதை நிறுத்திட்டுக் கேக்குது. திட்டித் திட்டி, நடுவுல, பொசுக்குனு அம்மாவோட குரல் ஒடஞ்சு போச்சு.

"என் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருடி. ஒரு போட்டோலயாச்சும் சிரிக்கிறேனா? போட்டோக்காரரு சிரிங்க சிரிங்கன்னு கெஞ்சுறாரு, நான் வாயைத் தொறக்கவே இல்ல. பொண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கலையாட்டம் இருக்குன்னு ஊரெல்லாம் பேசினாங்க. உங்கப்பாவே அப்படித்தான் நெனச்சாரு, பாவம். இந்தப் பல்லு உனக்கு நான் குடுத்ததுடி. என் சிரிப்புதான் உள்ளயே போயிருச்சு. உன் சிரிப்பாச்சும் வெளிய இருக்கட்டும்னுதான்..."

வெயினி அம்மாவைக் கட்டிக்கிட்டா. அம்மா மூக்கைத் துடைச்சுச்சு. "அழுதது போதும், செருப்பைப் போடு"ன்னுச்சு.

போனாங்க பர்வீன் டாக்டர்கிட்ட. டாக்டர் அந்தச் சுருண்ட கிளிப்பைத் தூக்கிப் பாத்தாங்க. மோந்து பாத்தாங்க. "இது என்னம்மா, மஞ்ச வாசனை அடிக்குது?"ன்னாங்க. வெயினி பெரியம்மா பேரை எடுக்கல பாரு, தங்கமான பொண்ணு.

அப்புறம் ஆ காட்டச் சொல்லிப் பாத்தாங்க. "இன்னும் தூரமாப் போகல. இப்பவே வந்தீங்களே, நல்லதாப் போச்சு. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா மறுபடி கம்பிதான்"னாங்க. ரோஸ் கலர்ல ஒரு மாவு பிசைஞ்சாங்க, நம்ம கொழுக்கட்டை மாவு மாதிரி. கரண்டி மாதிரி ஒண்ணுல அப்பி, வாய்க்குள்ள 'மொளுக்'னு வச்சு அழுத்தினாங்க. "மூக்கால மூச்சு விடு, காலை ஆட்டு, அவ்வளவுதான்." கொஞ்ச நேரம் கழிச்சு இழுத்தாங்க, 'ப்ளக்'! மாவுல அவ பல்லு அத்தனையும் அச்சு விழுந்திருக்கு. அந்த அச்சுல ரெண்டு பல்லையும் நேராத் திருத்தி, அதை வச்சுப் புதுக் கிளிப்பு செஞ்சாங்க.

அப்புறம் புதுசு வந்துச்சு. மாட்டினாங்க. 'கிச்'சுனு புடிச்சுது. "ஐயோ, இவன் பழையவனை விட முரடன்க்கா!"ன்னு கத்துச்சு தங்கச்சிப் பல்லு. "பேசாம நில்லுடி"ன்னுச்சு அக்காப் பல்லு. ரெண்டு நாள் விண்ணுவிண்ணுனு தெறிச்சுது, அப்புறம் அடங்கிப் போச்சு.

"ம்... கதை முடிஞ்சுதா?"

இன்னும் ஒரு துளி. அன்னிக்கி டாக்டர்கிட்ட புதுக் கிளிப்பை மாட்டிட்டு எந்திரிக்கிறப்ப வெயினி கேட்டா. புதுக் கிளிப்போட பேச்சு வழுக்குதுல்ல? "டாக்தர், எங்கம்மாவுக்கும் கம்பி போத முதியுமா?"

அம்மாவோட கை 'டபக்'னு போய் அம்மா வாயை மூடிக்கிச்சு.

டாக்டர் சொன்னாங்க, "ஏன் முடியாது? ஈறு நல்லா இருந்தா எந்த வயசுலயும் போடலாமே."

"ச்சீ, போங்க டாக்டர்! இந்த வயசுல கம்பி மாட்டிக்கிட்டு நின்னா ஊரே சிரிக்கும்"னுச்சு அம்மா, கைக்குள்ள இருந்தே.

"சிரிக்கத்தும்மா"ன்னா வெயினி. "நீயும் சிரி."

அம்மா பொண்ணைப் பாத்துச்சு. டாக்டரைப் பாத்துச்சு. அப்புறம் பையை வெயினி கையில குடுத்துட்டு, மெதுவா ஏறி அந்த நாற்காலியில சாஞ்சு, கையை எடுத்துட்டு, ஆ...ன்னுச்சு.

"அத்தை... அவங்கம்மா... சிரிச்சாங்களா?"

சிரிச்சாங்கடா தங்கம். அடுத்து வந்த கல்யாணத்துல போட்டோக்காரரு யாரையோ பாத்து "சிரிங்க"ன்னாரு. பவளக்கொடி சிரிச்சுது. கம்பியெல்லாம் பளபளன்னு, கடவாப் பல்லு வரைக்கும் தெரிய. அந்தக் கையை எங்க வைக்கிறதுன்னுதான் தெரியல. கடைசியில இடுப்புல வச்சுக்கிட்டுச்சு.

செழியா? டேய்?

'ம்' நின்னு போச்சு. கதையும் படுத்தாச்சு, கேட்டவனும் படுத்தாச்சு, இனிமே அத்தையை யாரும் எழுப்பப்படாது. தூங்கு.